பனி இல்லாத மாதத்தில் குல்மார்க்குக்குப் போகலாமா?

கேள்வி இதுதான். மதுரையிலிருந்து வயதான பெற்றோர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளுடன் ஒரு குடும்பம் மே மாத விடுமுறையில் காஷ்மீர் போகிறது. குல்மார்க் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊராயிற்றே, மே மாதத்தில் அங்கே பார்க்க என்ன இருக்கும், பேசாமல் ஜனவரிக்குத் தள்ளிவைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள்.

தள்ளிவைக்க வேண்டாம், தாராளமாக மே மாதத்திலேயே போங்கள். ஆனால் ஸ்ரீநகரிலிருந்து காலையில் கிளம்பி, ரோப்காரில் ஏறி இறங்கி, மாலையில் திரும்பிவிடும் வழக்கமான ஒருநாள் பயணமாக மட்டும் அதைச் சுருக்கிவிடாதீர்கள். குல்மார்க்கைப் பார்த்துவிட்டு வந்து "அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப் போனவர்கள்தான்.

இந்த ஊரைப் பனிச்சறுக்குத் தலமாக மட்டும் நினைப்பது மிகவும் பிந்தி வந்த பழக்கம். பீர் பஞ்சால் மலைத்தொடரின் மடியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், கிண்ணம்போல் குழிந்து கிடக்கும் ஒரு புல்வெளி இது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அதன் உச்சிக்கு நிகரான உயரத்தில் இங்கே தரை தொடங்குகிறது; அதற்கு மேல் அஃபர்வத் மலை எழும்புகிறது. பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுஃப் ஷா சக் விரும்பி வந்து தங்கிய இடம் இது. அவருக்குப் பின் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் இந்தச் சரிவுகளிலிருந்து 21 வகைக் காட்டுப் பூக்களைச் சேகரித்ததாகச் சொல்வார்கள். பிறகு பிரிட்டிஷ்காரர்கள் சமவெளியின் வெயிலுக்குத் தப்பி ஓடி வந்தார்கள். மரவீடுகளும் ஒரு தேவாலயமும் கட்டினார்கள், கோல்ஃப் மைதானம் அமைத்தார்கள். அத்தனை பேரும் கோடைக்காக வந்தவர்கள்.

பனிச்சறுக்கு அந்தக் கோடைவாசிகள் பின்னால் சேர்த்துக்கொண்ட விளையாட்டு. 1927-இல் இங்கே இந்தியப் பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கியது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் கூடிச் சறுக்கினார்கள். விடுதலைக்குப் பிறகு 1948-இல் ராணுவம் தன் வீரர்களுக்காகத் தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளி, இன்று உயர்மலைப் போர்ப்பள்ளியாக வளர்ந்து நிற்கிறது. 1968-இல் மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் வந்தது. இவ்வளவு இருந்தும் சறுக்க வருகிறவர்கள் சொற்பமாகவே இருந்தார்கள். காரணம் எளிது: மேலே ஏற வழியில்லை.

அந்த வழியைத் திறந்தது கொண்டோலா என்று எல்லோரும் சொல்லும் ரோப்கார். பிரான்சின் போமா நிறுவனத்துடன் 1980-களின் இறுதியில் போட்ட ஒப்பந்தம், ஆயுதக் கிளர்ச்சி வெடித்ததால் 1990-இல் அப்படியே நின்றுபோனது. குல்மார்க்கிலிருந்து கோங்தூரி வரையான முதல் கட்டம் 1998-இல்தான் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து அஃபர்வத் மலையின் தோள் வரை, அதாவது ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகும் இரண்டாம் கட்டம் 2005-இல் திறந்தது. உலகின் பனிச்சறுக்கு ஆர்வலர்கள் குல்மார்க்கைத் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். ரோப்காரை விட்டு இறங்கியதும் கீழே ஊர் வரை சுமார் 1,300 மீட்டர் செங்குத்து இறக்கம். மத்தியதரைக்கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் கிழக்கே நகர்ந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் மழைமேகக் கூட்டங்கள் பீர் பஞ்சாலில் மோதி அள்ளிக்கொட்டும் பனி, அந்த உயரத்தின் குளிரில் மாவுபோல் உலர்ந்து கிடக்கும். ஆல்ப்ஸ் மலையில் பழகியவர்கள் இவ்வளவு தூரம் பறந்து வருவது அந்தப் பனிக்காகத்தான்.

ஆனாலும் அந்த ரோப்காரில் ஏறுகிறவர்களில் தோளில் சறுக்குப்பலகை சுமந்தவர்கள் மிகச் சிலரே. 2023-இல் ஒரே ஆண்டில் சுமார் பத்து லட்சம் பேர் ஏறினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உங்களைப் போல் குடும்பத்தோடு பார்க்க வந்தவர்கள். ஊரின் விடுதிகளும், குதிரைக்காரர்களும், தேநீர்க் கடைகளும் பிழைப்பதும், அந்த ரோப்கார் ஆண்டு முழுவதும் பராமரிக்கப்படுவதும் இவர்கள் கொடுக்கும் காசில்தான். ஜூன் மாதத்தில் ஏறும் திருச்சிக் குடும்பம் வாங்கும் டிக்கெட்தான் பிப்ரவரியில் சறுக்கும் வீரருக்கும் கம்பிவடத்தை ஓடவைக்கிறது. ஆகவே பனியில்லாத மாதத்தில் போகிறவர் ஏதோ மிச்சமீதியைப் பார்க்கப் போகிறவர் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம்.

ஜனவரிக்குத் தள்ளிவைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜனவரியில் பனி இருக்கும் என்ற உறுதி இப்போது போய்விட்டது. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள்; மலையில் நிலைத்து நிற்கும் பனி அப்போதுதான் விழ வேண்டும். 2024-இல் அந்தக் காலம் ஏறக்குறைய முழுவதும் வறண்டே கழிந்தது. ஜனவரி நடுவில் குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்தில் கிடந்த படங்கள் நாடெங்கும் பரவின, முன்பதிவுகள் ரத்தாயின. மாதக் கடைசியில்தான் பனி வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டும் இதே கதை: 2025 பிப்ரவரி 22-இல் குல்மார்க்கில் தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், போதுமான பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9-இல் தொடங்கின. மூன்று நாள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விமான டிக்கெட் எடுக்கிற நாம், இந்த நிச்சயமின்மையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் குளிர்காலப் பயணத்தைத் திட்டமிட வேண்டும். பனிதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் பிப்ரவரி நடுப்பகுதியைச் சொல்வேன். டிசம்பர் கடைசி வாரத்தில் கட்டணமும் கூட்டமும்தான் உச்சத்தில் இருக்கும். பனி இருக்குமா என்பது வானத்தின் விருப்பம்.

சரி, மே மாதத்தில் என்ன பார்ப்பீர்கள்? புல்வெளி அப்போதுதான் பச்சை பிடித்திருக்கும். சுற்றிலும் தேவதாரு, ஃபிர், பைன் மரங்கள். அதற்கு மேலே அஃபர்வத் இன்னும் வெள்ளையாகவே நிற்கும். ரோப்காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் பிள்ளைகள் கையில் பனியை அள்ளலாம். ஜூனிலும் மேலே திட்டுத்திட்டாகப் பனி கிடக்கும். அதாவது, பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் ஆசையென்றால், அதை மே மாதமே நிறைவேற்றிவிடும். கைகால் விறைக்காமல், சாலை மூடிவிடுமோ என்ற பயமில்லாமல் நிறைவேறும் என்பது கூடுதல் ஆதாயம். பகலில் ஒரு ஸ்வெட்டர் போதும். இரவில் கம்பளி இல்லாமல் முடியாது.

ஊரில் ஓர் இரவாவது தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. காலை பத்து மணிக்கு மேல் ஸ்ரீநகரிலிருந்து வண்டிகள் வந்து சேர்ந்ததும் குல்மார்க் சந்தைபோல் ஆகிவிடும். மாலை நான்கைந்து மணிக்கு அவை இறங்கிப் போனதும் புல்வெளி மீண்டும் தன் உருவத்துக்கு வரும். அந்த முன்காலையிலும் பின்மாலையிலும்தான் நடக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் காட்டுக்குள் போகும் வெளிவட்டப் பாதை ஒன்று இருக்கிறது, சுமார் 11 கிலோமீட்டர். முழுதும் நடக்க வேண்டியதில்லை. வடக்குப் பக்கத்தில் மரங்கள் விலகும் ஒரு வளைவு வரை போனால் போதும். கீழே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும், வுலர் ஏரி பளபளக்கும், வானம் தெளிந்த காலையில் 8,126 மீட்டர் உயரமுள்ள நங்கா பர்பத் தெரியும். உலகின் ஒன்பதாவது உயரமான மலையைக் காலாற நடந்துபோய்ப் பார்க்கலாம், டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. ஒருநாள் பயணத்தில் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பாதை இருப்பதே தெரிகிறது?

நடக்கக்கூடிய பெரியவர்கள் இருந்தால் மேலேயுள்ள கிலன்மார்க் புல்வெளி வரை ஏறலாம், குதிரையிலும் போகலாம். கோடையில் குஜ்ஜர் இன மேய்ப்பர்கள் ஆடுமாடுகளோடு மேலே வந்து மண்கூரை வீடுகளில் தங்கியிருப்பார்கள். கோங்தூரியிலும் அந்த வீடுகளைப் பார்க்கலாம். அஃபர்வத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அல்பதர் ஏரியில் ஜூன் மாதத்திலும் பனிக்கட்டி மிதக்கும். அது முழுநாள் நடை, வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாத இடம். உங்கள் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு பக்கத்திலேயே இருப்பதால் ராணுவம் அனுமதிக்காத பகுதிகளும் அங்கே உண்டு. பெற்றோருக்குப் பாபா ரேஷி தர்காவைக் காட்டுங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபி ஞானியின் அடக்கத்தலம், குல்மார்க்குக்குக் கீழே காட்டு வழியில் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எந்தச் சமயத்தவரும் போய் வணங்கலாம். புல்வெளியின் நடுமேட்டில், டோக்ரா மன்னர் காலத்தில் 1915-இல் கட்டப்பட்ட சிவன் கோயில் 2024 ஜூன் மாதத் தீவிபத்தில் எரிந்துபோனது. பழைய படங்களில் நீங்கள் பார்க்கும் அந்தச் சிவப்புக் கூரைக் கோயிலை அதே மரவேலையோடு எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த மாதம் செப்டம்பர் பின்பாதியும் அக்டோபர் முன்பாதியும். மழை ஓய்ந்திருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், காற்று அவ்வளவு தெளிவாக இருக்கும். காலாண்டு விடுமுறையில் போக முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. நவம்பரைத் தவிர்க்கலாம், புல்லும் காய்ந்திருக்கும், பனியும் வந்திருக்காது. ஏப்ரலில் ஊரெல்லாம் சேறு.

இனி ரோப்கார் விஷயம். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் கடைசி நேரத்தில் கிடைக்காது. "நான் டிக்கெட் வாங்கித் தருகிறேன்" என்று வழியில் மறிக்கும் எவரையும் நம்ப வேண்டாம். ரோப்காரில் ஏற வழிகாட்டி அவசியம் என்று சொல்வார்கள், அவசியமே இல்லை. காற்று பலமானாலோ இடி மின்னல் வந்தாலோ இரண்டாம் கட்டத்தை உடனே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் சண்டை போடாதீர்கள். 2017 ஜூன் 25-இல் பலத்த காற்றில் மரம் ஒன்று கம்பிவடத்தில் சாய்ந்து, பெட்டியிலிருந்து விழுந்து ஏழு பேர் இறந்தார்கள்; நால்வர் டெல்லியிலிருந்து வந்த ஒரே குடும்பத்தினர், மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். அன்றிலிருந்து காற்றைப் பற்றிய எச்சரிக்கையை அங்கே யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் முதலில் ஏறுவதுதான் எப்போதும் நல்லது. மலையில் வானிலை பெரும்பாலும் பிற்பகலில்தான் கெடும்.

பெற்றோரை இரண்டாம் கட்டத்துக்கு ஏற்றுவது பற்றி நன்றாக யோசியுங்கள். மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர். அங்கிருந்து கிளம்பி இரண்டு மூன்று நாளில் 3,950 மீட்டரில் போய் நிற்பது உடம்புக்குச் சாதாரண விஷயமில்லை. முதலில் ஸ்ரீநகரில் ஓரிரு இரவு தங்கிவிட்டு மேலே போங்கள். இதயநோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கோங்தூரியோடு நின்றுகொள்ளட்டும். சுமார் 3,000 மீட்டர் உயரமுள்ள அந்த இடமே கண்ணுக்கு நிறைந்தது. மேலே போகிறவர்கள் ஓடியாடாமல், அரைமணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை தேடாமல் அடுத்த பெட்டியில் கீழே வந்துவிடுங்கள். இறங்குவதுதான் முதல் மருந்து.

இப்போது இல்லாவிட்டாலும் பிற்பாடு பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டால், குல்மார்க்கைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் குறைவு. தொடக்கநிலைக்காரர்கள் அஃபர்வத்துக்குப் போக வேண்டியதே இல்லை. கோடையில் கோல்ஃப் ஆடும் அதே மேடுபள்ளங்கள் குளிர்காலத்தில் அவர்களுடைய பள்ளிக்கூடம் ஆகிவிடும். மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் தங்குமிடத்தோடு சேர்த்துக் குளிர்கால வகுப்புகள் நடத்துகிறது. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். தனியார் பயிற்சியாளர்களும் பலர் உண்டு. இவர்கள் கற்றுக்கொடுப்பதை எளிதாக எண்ணாதீர்கள்: 1988 கால்கரி ஒலிம்பிக்கில் சறுக்கிய குல் முஸ்தஃபா தேவும், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடி பிடித்துப் போன ஆரிஃப் கானும் இந்தச் சரிவுகளில் பழகியவர்கள். ஆரிஃப், கீழேயுள்ள தங்மார்க் பகுதிக்காரர். நான்கு வயதில் பலகையில் ஏறியவர்.

அஃபர்வத்தின் மேல்சரிவு தேர்ந்தவர்களுக்கு மட்டுமான இடம். ரோப்காரை ஒட்டிய பகுதியில் மட்டுமே பாதுகாப்புக் குழு பனிச்சரிவு அபாயத்தைச் சோதித்துத் திறந்துவிடும். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே போனால் யாரும் பொறுப்பில்லை. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இப்படிப் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர்.

குதிரைக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பி வருகிறவர்கள் அதிகம் குறைபட்டுக்கொள்வது அவர்களைப் பற்றித்தான். கிண்ணத்துக்குள் நிரந்தரமான கிராமம் இல்லை. கோடையில் குதிரை ஓட்டுகிறவர்களும் குளிர்காலத்தில் ஸ்லெட்ஜ் இழுக்கிறவர்களும் தங்மார்க்கிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் மேலே வருகிறார்கள். பலர் இரண்டையும் செய்கிறவர்கள். ஆண்டில் சில வாரக் கூட்டத்தை வைத்து மிச்ச மாதங்களை ஓட்டவேண்டிய பிழைப்பு. வண்டியை விட்டு இறங்கியதும் சூழ்ந்துகொள்வார்கள், விலையும் ஏற்றித்தான் சொல்வார்கள். அரசு நிர்ணயித்த கட்டணப் பலகை இருக்கிறது, அதைப் பாருங்கள். எந்த இடம் வரை, எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடியுங்கள். வேண்டாமென்றால் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். ஆனால் பனியில் ஓர் ஆளை உட்காரவைத்து இழுத்துப்போகும் மனிதரிடம் கடைசி ஐம்பது ரூபாய்க்கு அடம்பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட தாக்குதல் அந்த ஆண்டின் கோடைப் பயணங்களை ஒரேயடியாக நிறுத்திவிட்டது. காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடிவிட்டு, பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். கிளம்புவதற்கு முன் அன்றைய நிலைமையைச் செய்திகளில் பார்த்துவிட்டுப் போவது கட்டாயம். ரத்துசெய்யக்கூடிய அறைகளையே பதிவுசெய்யுங்கள். சோதனைச் சாவடிகளில் நேரமாகும், எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். புல்வெளியில் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஓட்டக் கூப்பிடுவார்கள். ஏறாதீர்கள். பனிக்கடியில் பல மாதம் கிடந்துவிட்டுக் கோடையில் மட்டும் வளரும் புல் அது. சக்கரம் கீறிய தடம் ஆறுவதற்குப் பருவங்கள் ஆகும். அஃபர்வத்தில் உருகும் பனிதான் நிங்லி ஓடையாகி ஜீலம் ஆற்றில் சேர்கிறது, வழியிலுள்ள ஊர்களுக்கும் அதுதான் தண்ணீர். மேலே வீசும் நொறுக்குத்தீனி உறை அந்த ஓடைக்குத்தான் போகும். மலை எவ்வளவு தாங்கும் என்பதை உத்தராகண்டில் பார்த்துவிட்டோம். அவ்லி பனிச்சறுக்குத் தலத்துக்கு வாசலாக இருக்கும் ஜோஷிமட், 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. அவ்லிக்குப் போகும் நான்கு கிலோமீட்டர் ரோப்கார் அப்போது நின்றது. குல்மார்க்குக்கும் அப்படி ஒரு நிலை வந்துவிடக் கூடாது என்று நெஞ்சார விரும்புகிறேன். ஏற்கெனவே இருக்கும் விடுதிகளில் தங்குங்கள், கிண்ணத்துக்குள் அறை கிடைக்காவிட்டால் 13 கிலோமீட்டர் கீழே தங்மார்க்கில் தங்கலாம். அங்கே செலவும் குறைவு.

போய்ச்சேரும் வழி: ரயிலில் போக விரும்பினால், கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் சென்னையிலிருந்து கிளம்பும் அந்தமான் எக்ஸ்பிரஸும் கட்ரா வரை போகின்றன. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து செனாப் பாலம் வழியாக ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, சுமார் மூன்று மணி நேரம். பெற்றோருக்கு இரண்டு மூன்று நாள் ரயில் பயணம் முடியாதென்றால் டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம்தான். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். டாக்ஸியில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிற மாநிலங்களின் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் வகுக்கும் திட்டம் இது. ஸ்ரீநகரில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் குல்மார்க் போய்ச்சேர்ந்து, கூட்டம் இறங்கிய பிறகு புல்வெளியில் நடை. மறுநாள் காலை முதல் வரிசையில் ரோப்கார்: பெற்றோருடன் ஒருவர் கோங்தூரியில் தேநீரோடு உட்கார்ந்திருக்கட்டும், மற்றவர் பிள்ளைகளை மேலே பனிக்குக் கூட்டிப்போகட்டும். பிற்பகல் பாபா ரேஷி. இன்னும் ஓர் இரவு தங்க முடிந்தால் அடுத்த நாள் விடியற்காலை வெளிவட்டப் பாதையில் நங்கா பர்பத்தைத் தேடுங்கள். ரோப்கார் டிக்கெட்டை அந்த நான்காம் நாளுக்கு எடுத்துவிட்டு, காற்றினால் நின்றுபோனால் ஐந்தாம் நாள் காலையையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.